ரமா வீட்டில் எடுத்த பிரிவுக் காட்சி

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ரமாவின் வீடு. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன அவள் மாமியார் முத்தாலம்மாளைப் பகலில் கவனிப்பது என் வேலை. மூன்று வருடமாகப் போகிறேன்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று, பயிற்சி எடுத்து இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். நான் சேர்ந்த நாளில் முத்தாலம்மாளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு புண் இல்லை. அதுவரை ஐந்து வருடம் கவனித்தவள் ரமா; காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலக வேலைக்கும் போய்க்கொண்டே.

அவள் கணவன் மோகன்ராஜ் ஆறு வருடத்துக்கு முன் வேறொருத்தியோடு போய்விட்டான். விவாகரத்தும் ஆகிவிட்டது. மாமியாரிடம் மட்டும் அவன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான் என்று சொல்லியிருந்தாள். அந்த அம்மாவுக்கு பிரஷர். தெரிந்தால் தாங்க மாட்டார் என்று பயம். “அவர் போன் பண்ணார் அத்தை, நீங்க தூங்கிட்டிருந்தீங்க” என்பாள். எனக்குப் பொய் பிடிக்காது. ஆனால் அது என் வீடில்லை.

போன மாதம் டிவி சீரியல்காரர்கள் ஒருநாள் ஷூட்டிங்குக்கு வீடு கேட்டார்கள். மழைக்கு ஒழுகும் கூரையைச் சரிசெய்யலாம் என்று ரமா ஒப்புக்கொண்டாள். சுவரில் ஆணி அடிப்பீர்களா என்று கேட்டவள், கதை என்ன என்று கேட்கவில்லை. அன்று காலையில்தான் தெரிந்தது: கணவன் விவாகரத்து கேட்டுச் சண்டை போட்டு வீட்டை விட்டுப் போகிற காட்சி.

“சிஸ்டர், அத்தை காதுல விழக்கூடாது. ரேடியோ போட்டுடுங்க” என்றாள்.

ரேடியோ போட்டால் அவர்களுடைய ஒலிப்பதிவு கெட்டுவிடுமாம். கதவைச் சாத்தினேன். பயனில்லை. ஹாலில் நடிகர் “இனிமே உன்கூட வாழ முடியாது” என்று அலறியது பின்னறை வரை கேட்டது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ரமா கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே நின்றாள்.

ஐந்தாவது தடவை முத்தாலம்மாள் சத்தமாகச் சிரித்துவிட்டார். உதவி இயக்குநர் ஓடிவந்தார்.

“பாட்டி, கொஞ்சம் அமைதியா இருங்க, ப்ளீஸ்.”

“நான் இருக்கறது இருக்கட்டும். அந்த ஆள் இன்னாத்துக்கு இப்படி கத்தறான்? வூட்டை வுட்டுப் போறவன் கத்திகினா போவான்? என் புள்ளை செருப்பைக் கையில எடுத்துகினு, பூனை மாதிரி போனான். இதே கட்டில்ல படுத்துகினு பாத்தேன்.”

உதவி இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்குத் திரும்பினார்.

ரமா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “உங்களுக்குத் தெரியுமா, அத்தை?”

“மஸ்கட்ல கீறவன் ஆறு வருசத்துல ஒரு வாட்டியாவது அம்மா குரலைக் கேக்க மாட்டானா?”

“அப்புறம் ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?”

“கேட்டுட்டா, புருசனே இல்ல, இந்தக் கெழவி எதுக்குன்னு நீ எங்கனா அனுப்பிட்டா? அதான் வாயைத் தெறக்கல.”

நான் அவர் நாடியைப் பிடித்திருந்தேன். சீராகத்தான் இருந்தது. படபடத்தது ரமாதான்.

“அனுப்பறதா இருந்தா அப்பவே அனுப்பியிருப்பேன். உங்களை முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம்னு அவர் ஃபாரமே வாங்கிட்டு வந்தார். கிழிச்சுப் போட்டேன்.”

முத்தாலம்மாள் வலது கையால் மருமகளின் கையில் ஒரு தட்டு தட்டினார். பிறகு, “அதையும் சொல்லாமத்தானே வெச்சிருந்த, திருடி” என்றார்.

வெளியே “சைலன்ஸ்” என்றார்கள். இருவரும் உடனே வாயை மூடிக்கொண்டார்கள். ஹாலில் அந்தக் கணவன் மறுபடியும் கத்திக்கொண்டு வெளியேறினான். ரமா மாமியாரைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகைத் துடைத்து, பவுடர் போட ஆரம்பித்தாள். அது என் வேலை. நான் தடுக்கவில்லை.