அண்ணி எழுதிக் கொடுத்த கண்கள்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் கண் தானத்துக்காக ஊர்வலம் நடத்தினார்கள். நாமக்கல் வெயிலில் பிள்ளைகள் அட்டையைத் தூக்கிக்கொண்டு கோஷம் போட்டுப் போனார்கள். ஏழைகளுக்கான கண் சிகிச்சை முகாமுக்கென்று உண்டியலும் குலுக்கினார்கள். லாரிக்குப் பாடி கட்டும் என் பட்டறைக்கும் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு விளம்பரம், பிள்ளைகளுக்கு ஒரு நாள் பாடம் மிச்சம் என்று நான் கேலி பேசினேன். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவள் பேச்சை மதித்துக் கேட்டவர் என் அண்ணி ஒருவர்தான். அண்ணன் வீடு எங்களுக்கு அடுத்த வீடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் பாதி நாள் சாப்பிட்டது அண்ணி கையால்தான். கோழிப்பண்ணை வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, இவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“செத்ததுக்கப்பறந்தான எடுப்பாங்க? எனக்கென்ன வலிக்கவா போகுது? எழுதிக்க சாமி” என்றார். மகள் கண் தானப் படிவத்தில் அவர் பெயரை எழுதிக்கொண்டாள். அண்ணனும் தலையாட்டினார்.

மறு வருஷம் ஒரு நாள் விடிகாலையில் அண்ணி மாரடைப்பில் போய்விட்டார். நாங்களெல்லாம் அழுதுகொண்டிருக்க, என் மகள் எழுந்து ஃபேனை நிறுத்தினாள். பெரியம்மாவின் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்தாள். கண் காய்ந்துவிடக் கூடாது, ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வீட்டுப் பெரியவர்கள் சரியென்றால் உடனே வருகிறோம் என்றார்கள்.

அண்ணனுக்குச் சம்மதம்தான். ஆனால் எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்துபோனால், பிறந்த வீட்டார் வந்து முகம் பார்க்கும்வரை எதையும் தொடங்க மாட்டோம். “அவளோட அண்ணன் வந்துரட்டும். ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யலாம்” என்றார் என் அண்ணன். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும்தான்.

அண்ணியின் அண்ணன் தம்மம்பட்டிப் பக்கம் விவசாயி. அவருக்குப் போன் போட்டது எங்கள் பங்காளிகளில் மூத்தவர். “தங்கச்சிக்கு ஒடம்பு முடியலீங்க, கெளம்பி வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கூடப் பிறந்தவர்களிடம் இழவைப் போனில் நேராகச் சொல்ல மாட்டோம். வருகிற வழியில் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். சாவையே சொல்லாதபோது கண்ணைப் பற்றி எங்கே கேட்பது?

“நானே மாமாகிட்டச் சொல்லட்டுங்களாப்பா?” என்று மகள் போனைக் கையில் எடுத்தாள். சுற்றியிருந்த பெண்கள் அதட்டினார்கள். “செத்த நேரம் பொறு சாமி, வந்துருவாரு” என்றேன் நான்.

கூட்டம் சேரச் சேரப் புழுக்கம் தாங்காமல் யாராவது ஃபேனைப் போட்டார்கள். அவள் எழுந்து எழுந்து போய் நிறுத்தினாள். சின்னப் பிள்ளைக்கு என்ன பிடிவாதம் என்று முணுமுணுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்தும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள்.

உச்சி வெயிலில்தான் அவர் வந்து சேர்ந்தார். உடம்பு முடியவில்லை என்றுதானே சொன்னோம்? அவரும் ஜவ்வரிசி ஆலைக்குப் போகவேண்டிய மரவள்ளிக்கிழங்கை லாரியில் ஏற்றிவிட்டு, ராசிபுரத்தில் இறங்கி தங்கைக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்ததும் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அழுது ஓய்ந்த பிறகு என் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் விஷயத்தைச் சொன்னார்.

“அவளே சொல்லிட்டாளுங்களா? அப்பறம் என்னைய எதுக்குங்க கேக்கோணும்? எடுத்துக்கச் சொல்லுங்க.”

“நேரம் தாண்டிருச்சுங்க மாமா” என்றாள் என் மகள்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “காலையில போன் பண்ணும்போதே அவ இல்லீங்களா? அப்பவே கேட்டிருந்தா அங்கிருந்தே சரீன்னு சொல்லியிருப்பனே.”

அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். யாரோ இரண்டு பேருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பார்வை அதோடு போயிற்று. நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

மகள் வெளியே போய், இனி வர வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அந்தப் போனையாவது நான் செய்திருக்கலாம்.