எல்லோருக்கும் ரோகிணி

தொண்ணூறுகளின் கடைசியில் தி. நகரில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். மயிலாப்பூரில் ஜாதகம் பார்த்துத் தரும் ஒரு மாமிக்கு பெர்ல் என்ற நிரல்மொழியில் வலைத்தளம் எழுதியிருந்தேன். பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தால் நட்சத்திரமும் அன்றைய பலனும் வரும். நான் தனியாக எழுதிய முதல் வேலை. சொதப்பினால் பழையபடி அடுத்தவன் எழுதியதில் பிழை பொறுக்க வேண்டியதுதான்.

பார்த்துச் சரி சொல்ல மாமி கணவரோடு வந்தார். நான் அப்போதுதான் கிளப்பி வைத்திருந்த தளத்தில் தன் தேதியைக் கொடுத்தார். ரோகிணி. முகம் மலர்ந்தது. அடுத்து மாமா கொடுத்தார். அவருக்கும் ரோகிணி, அதே பலன்.

“இவர் மூலமாச்சே” என்றார் மாமி.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து உன் பலன்தானே எனக்கும். சரியாத்தான் சொல்றது” என்றார் மாமா.

மாமி சிரிக்கவில்லை. “நாங்க புடவை பாத்துட்டு வரோம். அதுக்குள்ள சரி பண்ணி வைப்பா. இல்லேன்னா அடையார்ல ஒருத்தர் பண்ணித் தரேன்னு சொல்லிண்டிருக்கார்.”

“புடவைன்னா நிறைய நேரம் இருக்கு, பதறாதே” என்று மாமா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

பதறினேன். பதறினால் என் வலது கை தானாகப் போய், தளத்தை ஓட்டும் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பும். கிளப்பி, என் தேதியைக் கொடுத்தேன். பரணி, சரி. பக்கத்து மேஜை நண்பன் தன் தேதியைத் தட்டினான். அவனுக்கும் பரணி. மறுபடி கிளப்பி, அவனை முதலில் தட்டச் சொன்னேன். சுவாதி, சரி.

“இன்னா மச்சி, ஃபர்ஸ்ட்டு வர்றவனுக்கு மட்டும்தான் ஜாதகம் கீதா?” என்றான்.

நக்கலுக்குத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பயத்தில் சர்வரைக் கிளப்பியதால், எப்போதும் நானே முதல் ஆள். பிழையை வாரக்கணக்காக மறைத்து வைத்திருந்தது என் பயம்தான். இனி கிளப்புவதில்லை என்று முடிவெடுத்து, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நிரலை வரிவரியாகப் படித்தேன்.

வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஆப்ஜெக்ட் என்கிற ஒரு பெட்டியை உருவாக்கி, அவர் விவரத்தை அதில் வைத்திருந்தேன். பலன் சொல்லும் நிரல்துண்டை, அதாவது ஃபங்ஷனை, இன்னொரு ஃபங்ஷனுக்குள் எழுதியிருந்தேன். உள்ளே இருப்பது தன்னைச் சுற்றியுள்ளதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அதுதான் க்ளோஷர். ஆனால் நான் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டேன். பெயருள்ளது ஒரே ஒரு முறைதான் உருவாகும். முதலில் வந்தவரின் ஆப்ஜெக்ட்டைப் பிடித்தால் பிடித்ததுதான், பிறகு யார் வந்தாலும் அவருக்காகவே பேசும். போதாததற்கு, சர்வரும் வேகத்துக்காக நிரலைச் சாகவிடாமல் ஓட்டும் வகை. மறுபடி கிளப்பும்வரை அந்தப் பிடி தளரவே இல்லை.

அந்தப் பெயரை நீக்கினேன். ஆள் வரும்போதெல்லாம் அந்த ஃபங்ஷன் புதிதாக உருவாகி, அந்த ஆளையே பிடித்துக்கொள்ளும்படி மாற்றினேன். சர்வரை ஒரே தடவை கிளப்பினேன், மாற்றியது ஏறுவதற்காக. பிறகு வலது கையை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துவிட்டு, இடது கையால் தேதி மாற்றி மாற்றித் தட்டினேன். பரணி, சுவாதி, ரோகிணி. நடுவில் கிளப்பக் கை துடித்தது, தொடை விடவில்லை.

மூன்று பைகளோடு வந்தார்கள். மாமி தட்டினார். ரோகிணி. மாமா தட்டினார். மூலம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பலனைப் படித்தார்: வீண் செலவு.

பைகளைப் பார்த்தார், மாமியிடம் திரும்பினார்.

“அடையார்க்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிடு. இப்பத்தான் இது எனக்காகப் பேசறது.”