ஒரு மூச்சுக்கு எத்தனை சொல்

"காலைல என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டுவிட்டு வாலக்கா பதிலைக் காதில் வாங்குவதில்லை. பதில் சொல்பவரின் மூச்சைத்தான் கேட்கிறாள். ரொட்டி, முட்டை, பாதி வாழைப்பழம் என்று பட்டியல் முழுவதும் ஒரே மூச்சில் வந்துவிட்டால் ஆள் நடக்கலாம். ரொட்டியோடு நின்று, மூச்சு வாங்கி, அப்புறம் முட்டை வந்தால் பத்து நிமிடம் உட்கார வைக்கிறாள். ரொட்டி மட்டும் வந்து, முட்டைக்கு வெறும் கை அசைந்தால் பேச்சே இல்லை, அவரைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து கீழே இறங்கிவிடுகிறாள். புதிதாக வந்தவர்கள் இந்த அக்காவுக்குச் சாப்பாட்டு நினைப்புதான் போல என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். பழையவர்கள் சிரிப்பதில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஏதாவது ஒரு மலை. விடிந்ததும் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும் குழு அது. முன்னால் வழிகாட்டிப் போகிறவர் ஒரு பல் மருத்துவர். 'இன்னும் கொஞ்சம்தான், வலிக்காது' என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய். அந்த வாயை நம்பி இருபது பேர் மூச்சிரைக்கப் பின்னால் போவார்கள். எல்லோருக்கும் கடைசியில் இவள் வருவாள். வால் என்று யாரோ விளையாட்டாகச் சொன்னது, வயது ஐம்பத்தாறு ஆனதால் மரியாதையும் சேர்ந்து வாலக்கா ஆகிவிட்டது. குழுவுக்கு இருக்கிற சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பாதியில் திரும்புகிறவரோடு வாலும் திரும்ப வேண்டும்.

மற்ற நாட்களில் அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பறையில் இருக்கிறாள். தரைக்குக் கீழே, துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில், சன்னல் இல்லாத அறை. சுவரில் வார்டு எண்கள் ஒட்டிய அட்டை. இருபத்தாறு வருடத்தில் அவள் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அழைப்பவரிடம் 'ஒரு நிமிஷம்' என்று மட்டும் சொல்லவே மாட்டாள். "ஒரு நிமிஷம்னு சொன்னா ஒரு நிமிஷத்துல வரணும்ல?" என்பாள். 'காத்திருங்க' என்றுதான் சொல்வாள். மறுமுனையில் இருப்பவர் எதற்கு அழைக்கிறார் என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும் அவளுக்கு. காது அப்படிப் பழகிப்போய்விட்டது.

மலையில் அவள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. 'முடியுமா?' என்று யாரிடமும் கேட்க மாட்டாள். வேறு யாராவது கேட்டாலும் முகம் சுண்டிப்போகும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளை இந்தக் குழுவுக்கு இழுத்து வந்தவர் அவள் அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, சரியான நேரத்தில் பிரேக்கில் கால் வைப்பதுதான் அவர் பிழைப்பு. முதல் மலையிலேயே, உச்சிக்குப் போகும் கடைசி ஏற்றத்துக்குக் கீழே இருக்கிற தட்டைப் பாறையில், இவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அண்ணனுக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. "முடியுமாண்ணே?" என்று கேட்டாள். "முடியும்" என்றார். மேலே போனார், எல்லோரோடும் உட்கார்ந்தார், திரும்ப எழுந்திருக்கவில்லை. உச்சிக்கு மறுபக்கத்தில் அப்போது ஜீப் வரும் தடம் இருந்ததால் அந்த வழியாகவே அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்; அந்தத் தடம் அடுத்த மழையில் சரிந்து மூடிவிட்டது. இவள் அவருடைய தண்ணீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து ஒருவர் இறங்கி வந்து சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அதுக்கப்புறம் அந்தச் சொல்லு எனக்கு ரெண்டா கேக்குது" என்பாள். "செய்ய முடியும்ங்கறாங்களா, எல்லாமே முடியும்ங்கறாங்களா, ஒண்ணும் புரியல."

ஒரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள், தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டதுதான் இந்தக் கடைசி இடம். அந்த மலைக்கு மட்டும் அப்புறம் ஒன்பது முறை போயிருக்கிறாள். ஒரு முறைகூடத் தட்டைப் பாறையைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தளர்ந்துவிடுவார். சட்டப்படி இவளும் திரும்பிவிடுவாள். முதல் சில வருடங்கள் அப்படி யாராவது தளர்ந்தால் உள்ளூர அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த இடத்தைப் பார்க்காமல் தப்பித்தோமே என்றிருந்தது.

இந்த வருடம் நிலைமை வேறு. வரும் வியாழக்கிழமை வலது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை. இனிமேல் சமதரையில் நடக்கலாம், கைப்பிடி இருந்தால் மாடிப்படி ஏறலாம், மலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே தவிப்பு. பல் மருத்துவரிடம் போய் இந்த மாதம் அந்த மலைக்கே போகலாமா என்று கேட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "அவர் உக்காந்த எடத்துல நிழல் இருந்துச்சான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

அவரும் பார்த்துப் பார்த்து நன்றாக நடக்கிறவர்களையே சேர்த்திருந்தார். கடைசி நேரத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர் ஒருவர்தான், மருந்துக்கடைக்காரர். கடையையே முதுகில் தூக்கி வந்துவிட்டாரோ என்று நினைக்கும்படி பெரிய பை. அடிவாரத்திலேயே ஆளாளுக்குத் தைலம் கொடுத்துவிட்டு, மருந்துச்சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்த ஒரு வாடிக்கையாளரின் கதையை ஆரம்பித்தார். ஏழு மணிக்கு அந்தக் கதை நிற்காமல் ஓடியது. ஒன்பது மணிக்கு அதே கதை துண்டு துண்டாக வந்தது. பத்தரைக்கு வாடிக்கையாளர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த வாலக்கா அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். நடுவில் இரண்டு முறை அவரை உட்கார வைத்தாள், பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் வலித்தது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் தாங்கு என்று வாய்விட்டே அதனிடம் சொன்னாள்.

தட்டைப் பாறைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. மற்றவர்கள் எல்லாம் கடைசி ஏற்றத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது. மிஞ்சிப்போனால் இருபது நிமிட ஏற்றம். அவள் வழக்கம்போல, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள்.

"ரொட்டி" என்றார் மருந்துக்கடைக்காரர். அப்புறம் கை மட்டும் அசைந்தது.

அவள் மேலே பார்த்தாள். அவரைப் பார்த்தாள். உடனே திரும்பியிருக்க வேண்டும்; வேறு யாராக இருந்தாலும், வேறு எந்த நாளாக இருந்தாலும் திரும்பியிருப்பாள்.

"முடியுமா சார்?" என்று கேட்டாள்.

பதில் என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்டாள்.

"முடியும்" என்றார் அவர்.

அவள் சந்தோஷப்பட்டாள். அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. வெட்கத்தோடும் பயத்தோடும் சேர்ந்து வந்த சந்தோஷம்தான் என்றாலும், சந்தோஷம்தான். அவரே சொல்லிவிட்டார், பெரிய மனிதர், மருந்து தெரிந்தவர், நாம் என்ன கட்டாயப்படுத்தியா கூட்டிப் போகிறோம் என்று மனசு மளமளவென்று நியாயம் பேசியது. அவரை முன்னால் விட்டு ஏற ஆரம்பித்தாள். மேலே வானத்தை ஒட்டி ஒரு பாறையின் விளிம்பு தெரிந்தது. அதன் மேல் யாரோ காயப்போட்ட சிவப்புச் சட்டை. இன்னும் நாலு வளைவு ஏறினால் போதும்.

நாற்பது படி ஏறியிருப்பார்கள். அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவும் இல்லை, சும்மா நின்றார். அவருடைய பின்கழுத்து அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அவ்வளவு வெயிலிலும் அது வெளுத்து, ஈரமாக இருந்தது. அண்ணன் இதே ஏற்றத்தில் மேலே போனபோது அவள் கீழேயிருந்து கடைசியாகப் பார்த்ததும் இப்படி வெளுத்த அவர் கழுத்தைத்தான். இத்தனை வருடத்தில் முகம்கூடச் சில சமயம் மங்கியிருக்கிறது, கழுத்து மங்கவில்லை.

"உக்காருங்க" என்றாள்.

"போலாம்" என்றார் அவர்.

தோளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மேலேயிருந்து பல் மருத்துவரின் குரல் வந்தது. நிழல் இருக்கிறது, சீக்கிரம் வாங்க, உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று கூப்பிட்டார். மருந்துக்கடைக்காரர் அந்தக் குரல் வந்த திசையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு என்னவோ சொல்லப் போனது, சத்தம் வரவில்லை.

அவருக்குக் கீழ்ப்படியில், வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவருடைய இடது காலைத் தூக்கி மடியில் வைத்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். ஏறும்போது கயிறு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை. இறங்கும்போது கணுக்காலை இறுக்கிக் கட்டாவிட்டால் விரல்கள் முன்னால் இடித்து நகம் பெயர்ந்துவிடும். ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்கி, மேலே இரட்டை முடிச்சுப் போட்டாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் நிமிராமல், அடுத்த காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.