ஊறுகாய் ஜாடியில் கேரட் அல்வா

இன்று எங்கள் வீட்டு மைக்ரோவேவ் பரீட்சை எழுதியது. நான் பத்தாவதோடு நின்றவன் என்றாலும், அதற்கு வாத்தியார் நான்தான்.

என் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஏற்காடு வரை சுமந்து வந்த பெட்டி அது. இதுவரை அதில் நான் செய்ததெல்லாம் ஆறிய காபியைச் சுட வைத்ததுதான்.

நேற்று என் மனைவி சொல்லிவிட்டாள்: "ஏனுங்க, காபி சுட வெக்க இத்தாப்பெரிய பெட்டி எதுக்குங்க? நாளைக்கு ஒரு சோறு, ஒரு இனிப்பு ஆக்கிக் காட்டுங்க. இல்லீனா அடிவாரத்துல எங்கண்ணன் ஊட்டுக்குக் குடுத்துப்போடுவேன்."

அந்த அண்ணன் காலை பஸ்ஸிலேயே கயிற்றோடு வந்துவிட்டார்.

தக்காளி சாதம் கண்ணாடிக் கிண்ணத்தில் உதிரி உதிரியாக வந்தது. அல்வாவுக்குத்தான் பாத்திரம் இல்லை. எவர்சில்வரை உள்ளே வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மற்றதெல்லாம் எவர்சில்வர். கடைசியில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, கேரட்டையும் பாலையும் சர்க்கரையையும் அதில் போட்டேன்.

மச்சான் ஒரு வாய் சாப்பிட்டார். "மாப்ளே, அல்வா நொம்ப நல்லாருக்குது. தயிர்சோறு இருந்தாக் கொண்டாங்க, தொட்டுக்கறேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் தக்காளி சாதத்தை மறுபடியும் போட்டுக்கொண்டாள். நான் பயந்துகொண்டே தீர்ப்பைக் கேட்டேன்.

"பெட்டி இங்கயே இருக்கட்டுங்க," என்றாள். "இனிமேல் சோறாக்கறது நீங்க."

மச்சான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஜெயித்தது நானா, அவளா? விவரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். ராத்திரிக்கு என்ன என்று பிள்ளைகள் என்னிடம்தான் கேட்கிறார்கள்.