வசதிப்படும் நாளில்

அக்காளை நினைத்தால் முதலில் எனக்குக் கண்ணில் படுவது அவள் முகமல்ல, காதில் வைத்துக்கொண்டிருந்த குழம்புக் கரண்டிதான். அடுப்பங்கரையின் நடுவில் நிமிர்ந்து நிற்பாள். கரண்டியின் குழிவு காதில் இருக்கும், காம்பு வாய்க்கு நேரே இருக்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்று "கிரிங், கிரிங்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். அவள் ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லி, அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, யார் பேசுவது, என்ன உதவி வேண்டும் என்று கேட்பாள். எனக்குத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டதால் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தெரியாது. "மீன் வேணுமா, மீனு?" என்று கத்துவேன். அவள் சிரிக்காமல், அதே குரலில், மேலாளரிடம் தெரிவிப்பதாகச் சொல்வாள். யார் என்ன சொன்னாலும் குரல் மாறக் கூடாது, அதுதான் பயிற்சி. அம்மா அரிசி களைந்தபடி, "கரண்டிகிட்ட பேசுற பொண்ண எவன்டி கட்டுவான்?" என்பாள். அப்போதுதான் அக்காளுக்குச் சிரிப்பு வரும்.

நாங்கள் காஜா பெராங்கில் செட்டிகள் குடியிருந்த கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா சாலை போடும் கூட்டத்தில் வேலை செய்தார். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வரப்போகிறது, வெள்ளைக்காரர்கள் கிளம்பினால் அலுவலகங்களில் நம் பிள்ளைகளுக்கு நாற்காலி கிடைக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்திருந்த அக்காளை அப்பா ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த வணிகக் கல்லூரியில் சேர்த்தார். கல்லூரி என்று பெயர்தானே தவிர இரண்டே அறைகள். தட்டெழுத்து, சுருக்கெழுத்து, வணிகக் கடிதம் எழுதுவது, ஆட்களுக்கு முன்னால் நின்று பேசுவது எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

அக்காள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அன்றைய பாடத்தை என்னிடம் ஒப்பிப்பாள். எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றல்ல. கேட்க வேறு ஆள் இல்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். கடிதம் என்றால் மூன்று பத்தி. முதலில் நன்றி, நடுவில் விஷயம், கடைசியில் மரியாதை. கெட்ட செய்தியை முதல் வரியில் போடக் கூடாது. அழுகை, கோபம், சத்தியம் எதுவும் தாளில் இருக்கக் கூடாது. "படிக்கிற ஆளை விரட்டக் கூடாதுடி. அவங்களுக்கு எப்ப வசதின்னு கேக்கணும்" என்று அவள் சொன்னது அப்படியே மனதில் பதிந்துவிட்டது. எனக்கு வெளியாட்கள் முன்னால் வாய் திறக்க வராது. பாசாரில் கீரைக்காரியிடம் விலை கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தாளில் மரியாதையாக மறைந்துகொண்டு பேச ஒரு வழி இருக்கிறது என்று கேட்டபோது அது எனக்காகவே கண்டுபிடித்தது போலிருந்தது.

அப்பா வேலை விட்டு வரும் நேரமும் அக்காள் பயிற்சி செய்யும் நேரமும் ஒன்றுதான். அவர் உள்ளே வந்தால் அவள் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாள். அதனால் அப்பா வாசல் குழாயடியிலேயே நின்றுகொண்டு கால் கழுவுவார். தார் ஒட்டிய காலைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு வார்த்தைகூடப் புரியாத அந்தப் பேச்சைக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். "முடிஞ்சுதா? பசியாறலாமா?" என்பார், ஒன்றும் கேட்காதவர் மாதிரி.

மெர்டேக்காவுக்கு மறு வருடம் அக்காளுக்குக் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் தற்காலிக வேலை, பிறகுதான் நிரந்தரம் என்றார்கள். அவள் போன பிறகு வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். அம்மா கடிதம் சொல்வது ஒப்பாரி வைப்பது போலிருக்கும். ஒரு தும்மலுக்கும் சாமி மேல் சத்தியம் உண்டு. ஒருமுறை அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. "நான் படுத்த படுக்கையா கெடக்கேன், என் மூஞ்சில முழிக்கணும்னா பறந்து வா" என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். அக்காள் அலுவலகத்திலேயே அழுதுவிட்டு, மேலாளரிடம் கெஞ்சி லீவு எடுத்து, அடுத்த பேருந்தில் ஏறி வந்து சேர்ந்தாள். வந்து பார்த்தால் அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கிறாள்!

"என்னம்மா இது? எனக்கு வேலை போயிருக்குமே" என்றாள் அக்காள்.

"பெத்தவ கூப்பிட்டா வரத்தானே வேணும்? எப்படி, பறந்துதானே வந்தே?" என்று அம்மா சிரித்தாள்.

மறுநாள் பேருந்து ஏறும்போது அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே அம்மா சொல்றத அப்படியே எழுதாத. உனக்குத்தான் தெரியுமே, ஒழுங்கா எழுது. இன்னொரு தடவ இப்படி ஓடி வந்தா என்னை நிறுத்திடுவாங்க." நான் தலையாட்டினேன். என்னைப் பெரிய மனுஷியாக மதித்து ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலு மாதம் கழித்து அப்பாவுக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பதினாறு வயது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். அப்பா சாய்ந்து உட்கார்ந்தபடியே, "பெரியவள வரச் சொல்லு. அந்த டெலிபோன் பேச்ச ஒரு தடவ என் முன்னாலயே பேசிக் காட்டச் சொல்லு" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

தந்தி அடிக்கலாம் என்றேன். "உயிரோட இருக்கறவருக்கு எவளாச்சும் தந்தி அடிப்பாளா?" என்று அம்மா என் வாயை அடக்கினாள். எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவுதான். தந்திக்காரரைக் கண்டாலே உறையைப் பிரிப்பதற்கு முன்னால் அழுகை தொடங்கிவிடும். அதனால் கடிதம். அம்மா அன்றைக்கு ஒப்பாரி வைக்கவில்லை, சத்தியம் செய்யவில்லை. அடங்கிய குரலில் சொன்னாள்: "அப்பா இருக்க மாட்டாருன்னு தோணுது. உன்னைத்தான் கேக்கறாரு. உடனே வா." மூன்றே வாக்கியம். அதில் கூட்டல் குறைச்சல் எதுவுமில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நான் அக்காள் சொன்ன முறைப்படி எழுதினேன். அந்தக் கடிதம் எனக்கு இன்னும் மனப்பாடம். "தங்கள் கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி. அப்பாவுக்குச் சில நாட்களாக உடல்நலம் சற்றுக் குறைவாக உள்ளது. டாக்டர் பார்த்து மருந்து கொடுத்துள்ளார். தங்களுக்கு வசதிப்படும் நாளில் ஒருமுறை வந்து சென்றால் அப்பா மகிழ்ச்சி அடைவார். தங்கள் வேலைக்கு இடையூறு வேண்டாம்."

"படி பாப்போம்" என்றாள் அம்மா. நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை ஓட்டி, அம்மா சொன்ன மூன்று வாக்கியத்தையும் அவள் சொன்னபடியே படித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஒட்டு" என்றாள். பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு ஒரு பாஷையில், அக்காளுக்கு ஒரு பாஷையில் சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. என் கடிதம் மிக நன்றாக இருந்ததாம். தன் அலுவலகத்தில்கூட இவ்வளவு பதமாக எழுத ஆள் இல்லையாம். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கட்டாயம் வருவாளாம். அதற்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. பாராட்டை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவிடம் சனிக்கிழமையை மட்டும் சொன்னேன்.

"உடனே வான்னா சனிக்கெழம வர்றாளாமா?" என்றாள் அம்மா.

"வேலைக்குப் போற புள்ள. அதட்டாத" என்றார் அப்பா.

அன்றிலிருந்து தினமும் காலையில் என்னைக் கேட்பார், இன்றைக்கு என்ன கிழமை என்று. செவ்வாய் என்பேன். வியாழன் என்பேன். ஒவ்வொரு நாளும் அவர் மூச்சு கொஞ்சம் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன். இரண்டு முறை தாளை எடுத்தேன். எழுதினால், முதல் கடிதத்தில் எழுதாததை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காள் மெச்சிய கையெழுத்தால் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் எனக்குச் சாக்கு எதுவும் கிடையாது. சனிக்கு மூன்று நாள் இருக்கையில், புதன்கிழமை மத்தியானம், அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகுதான் தந்தி போனது.

அக்காள் வந்து இறங்கியபோது வாசல் நிறைய ஆட்கள். கம்பத்துச் செட்டிப் பெண்கள்கூட வந்து நின்றார்கள். அம்மா அவளைப் பார்த்ததும் எழுந்து, மார்பில் அறைந்துகொண்டு கேட்டாள்: "ஆபீஸ் பெருசாப் போச்சாடி உனக்கு? அப்பா இருக்க மாட்டாரு, உடனே வான்னு எழுதச் சொன்னேனே! சனிக்கெழம வர்றேன்னியே, இந்தா, சனிக்கெழமைக்குப் படுத்திருக்காரு பாரு!"

அக்காள் அம்மாவைப் பார்க்கவில்லை. ஆட்களுக்கு நடுவே என்னைத் தேடினாள். நான் தண்ணீர்க் குடத்தோடு உள்வாசலில் நின்றிருந்தேன். அவள் கை கைப்பையின் மேலிருந்தது. என் கடிதம் அதற்குள் இருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பத்துப் பேருக்கு முன்னால் நின்று, குரல் மாறாமல், தன் பக்கத்தைச் சொல்ல முறையாகக் கற்றவள் அவள். ஒரு நிமிடம் போதும், தாளை எடுத்து நீட்டினால் முடிந்தது. அவள் கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, "தப்புதாம்மா" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, குளியலறைக்குப் பின்னால் அவளைப் பிடித்து, அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். அக்காள் ஈரத்துணியைப் பிழிந்தபடியே சொன்னாள்: "சொல்லாத. நான் நாளைக்கு பஸ் ஏறிடுவேன். நீ இவங்களோட இந்த வீட்டுல இருக்கணும். அம்மாவுக்கு யார் மேலயாவது கோவம் இருக்கணும்னா, தூரத்துல இருக்கறவ மேல இருக்கட்டும்."

அம்மாவின் கோபம் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. சத்தம் போடும் கோபமல்ல. அக்காளின் கல்யாணத்தில் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கோலாலம்பூரில் அவள் வீட்டுக்குப் போனால் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அன்றே திரும்பிவிடுவாள். வீட்டில் யாருக்கு என்ன என்றாலும், "பெரியவளுக்கு எழுதாதடி, அவளுக்கு வேலை கெட்டுப்போகும்" என்பாள். அந்த வாக்கியத்தை நான் எத்தனை தீபாவளியில் கேட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் உண்மை வாய் வரைக்கும் வரும். பிறகு அடுப்பில் ஏதாவது வேலை இருக்கும்.

அம்மாவின் கடைசி நாட்களில் நானே நேரில் போய் அக்காளை அழைத்துவந்தேன். அவள் அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா கண்ணைத் திறந்து, "லீவு குடுத்தாங்களா?" என்று கேட்டாள். அது குத்தலா, அக்கறையா, எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு கதவருகில் நின்றேன். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அக்காள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. அந்தத் தலையசைப்பை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. மறுநாள் அம்மா இல்லை.

போன வருடம் அக்காளும் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் மூத்த மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "சின்னம்மா, தாத்தா சாகக் கெடந்தப்ப அம்மா ஏன் போகல? பாட்டி சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அது ஒரு மாதிரியாவே இருக்கு. கேட்டா அம்மா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. வேலைதான் பெருசுன்னு நெனச்சாங்களா?"

அக்காள் பெற்ற பிள்ளைகளுக்குள்ளும் அது போய் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அவளை வரச் சொல்லி எழுதலம்மா" என்றேன். "பாட்டி சொன்னாங்க. நான்தான் எழுதல."

அவள் "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "பாட்டிக்கு?" என்றாள். தெரியாமலே போய்விட்டாள் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. கருமாதிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், அவர்கள் முன்னால் இதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள். எனக்கு அப்படிப் பேச வராதம்மா என்றேன். "அப்ப எழுதிக் குடுங்க. நான் வாசிக்கிறேன்."

எழுதினேன். அப்போது எழுதிக்கொடுத்தது இப்போது சொல்வதில் பாதிகூட இல்லை, ஒரே பக்கம்தான். பதினாறாம் நாள் படையலுக்கு முன்னால் அவள் எழுந்து நின்று அதை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அவள் குரல் சில இடங்களில் உடைந்தது. கூட்டம் என்றால் நான் எப்போதும் சமையலறைப் பக்கம் போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை. எல்லாருக்கும் முன்னால், அவர்கள் பார்க்கும்படி, அவள் முடிக்கும் வரைக்கும் பாயில் உட்கார்ந்திருந்தேன்.