செடி மருந்துக்குப் பத்தியம்

என் பெண்டாட்டிக்கு நாலு வருசமா சக்கர வியாதி. ஏரியில இடுப்பளவு தண்ணியில உக்காந்து, ஓலைப்பறிக் கூடையப் பல்லால கடிச்சுக்கினு, சேத்தக் கையால தடவி எறா புடிக்கிறவ அவ. காலுல கிளிஞ்சல் கீறுனா ஆறுறதுக்கு மாசமாவும். அந்தக் கால காப்பாத்தத்தான் நான் அந்த டப்பாவ வாங்குனேன்.

எங்க லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஸ்கூட்டியில ஒரு பொம்பள டப்பா விக்க வந்தா. திராட்சக் கொட்டையோட சத்து, முழுக்க செடியிலேர்ந்து எடுத்தது, ஆன்டி ஆக்சிடன்ட்னா. என் பெண்டாட்டி குபீர்னு சிரிச்சிட்டா. "ஆக்சிடென்ட்டா? நாங்க இன்னா லாரியா ஓட்டுறோம்?" அந்தப் பொம்பள கோச்சுக்கல. இரும்பு துரு புடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளயும் ஒண்ணு நடக்குது, அத இது தடுக்கும், ரத்த ஓட்டம் நல்லாவும்னு பொறுமையா சொன்னா. உப்புக்காத்துல போட் எஞ்சின் துருவுறதப் பாத்துப் பாத்து நொந்தவன் நான். டக்குனு புரிஞ்சிபோச்சு. அதான் வினை.

செடி மருந்துன்னா எங்களுக்கு நாட்டு மருந்து. நாட்டு மருந்துன்னா பத்தியம். மீனு ஆவாது, புளி ஆவாது, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது. மஞ்சக்காமாலைக்கு வேர அரச்சுக் குடிச்சப்பவும் இப்படித்தான் இருந்தோம். டப்பா மேல பொடி எழுத்துல இன்னா போட்டிருந்திச்சோ, யாரு படிச்சா? சக்கர மாத்திரைய நிறுத்துன்னு ஸ்கூட்டிக்காரி ஒரு வார்த்த சொல்லல. அவ மேல பழியப் போடலாம்னு எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், முடியல. நிறுத்துனவன் நான்.

"சக்கர மாத்திரைய மட்டுமாவது போட்டுக்கிறேன்யா"ன்னு என் பெண்டாட்டி கேட்டா.

"ரெண்டும் வயித்துல மோதிக்கினா இன்னா ஆவுறது? பெரிய டாக்டராட்டம் பேசாதமே"ன்னு கத்துனேன். மாத்திர அட்டைய அவ கைக்கு எட்டாத எடத்துல சொருகி வெச்சதும் நான்தான்.

ரெண்டு மாசம் போச்சு. காலு கட்டவெரலுக்குக் கீழ கிளிஞ்சல் வெட்டிடுச்சு. வலிக்கவேல்லன்னா. மருந்து வேல செய்யுதுன்னு சந்தோசப்பட்டேன், மடப்பய. காலு கறுத்து நாத்தம் வந்தப்புறந்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனேன். பாதிப் பாதத்த எடுத்துட்டாங்க.

டாக்டரு என்ன மட்டும் தனியாக் கூப்ட்டாரு. "அந்த மாதிரி சத்து நெல்லிக்காயில இருக்கு, முருங்கக்கீரையில இருக்கு, நாவப்பழத்துல இருக்கு. சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனா சக்கரைக்கு மாத்திரதான். அத யாரு நிறுத்தச் சொன்னது?" வெளிய வந்து, அவரு சொன்னத அவ காதுல போடாம கஞ்சி வாங்கப் போயிட்டேன்.

இப்ப அவ ஏரியில எறங்குறதில்ல. பாக்க வர்றவங்க கிட்டல்லாம் ஒண்ணையேதான் சொல்றா. "மருந்து நல்ல மருந்துதான்கா. பத்தியத்துல இருக்கசொல்ல, நாக்கு கேக்காம, இந்தாளுக்குத் தெரியாம ஒரு துண்டு கருவாடு தின்னுட்டேன். அதான் காலு போச்சு." நான் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன். இல்லமே, என்னாலதான்னு சொல்ல எத்தினியோ தடவ வாயெடுத்தேன். தூ, நானும் ஒரு ஆம்பள.

போன வாரம் என் கையப் புடிச்சிக்கினு, "உன்னாண்ட மறச்சிட்டேன், மன்னிச்சுருய்யா"ன்னு தேம்பித் தேம்பி அழுதா.

"சரி வுடுமே, போனது போச்சு"ன்னு அவள மன்னிச்சேன் நான்.