நாற்பத்தொரு நாள் சித்தப்பா

என் அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். அவர் எனக்குச் சித்தப்பாவாக இருந்தது மொத்தம் நாற்பத்தொரு நாள். அதற்கு முன்னால் அவர் எங்கள் பண்ணையில் வயல் பார்க்கும் ஆள். அதற்குப் பின்னால் அவர் எங்களுக்கு யாரும் இல்லை.

கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊர். தாத்தா காலத்தில் நடவுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, அவள் எங்கள் ஜாதியில்லை, தாத்தா வாய்க்கால் கரையில் ஒரு கூரை வீடு போட்டுக்கொடுத்தார். அங்கே பிறந்தவர் அவர். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவும் தேவையில்லை. என் அப்பாவின் மூக்கை அப்படியே எடுத்து அவர் முகத்தில் வைத்தாற்போல் இருந்தது. என்னைவிடப் பதினேழு வயது மூத்தவரை நான் பெயர் சொல்லி, “வா”, “போ” என்றுதான் பேசினேன். அவர் என்னைச் “சின்னய்யா” என்பார். மதியம் கொல்லைப்புறத்தில் அலுமினியத் தட்டை நீட்டுவார். அம்மா தள்ளி நின்று சோறு போடுவாள்.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. ஆபீசுகளில் படங்கள் மாறின. அறுவடை சமயத்தில் வரப்பில் சிவப்புக் கொடி நடுவார்கள். கூலி நெல் ஒத்துக்கொள்ளாமல் ஆள் இறங்காது. பள்ளிக்கூடத்து வாசலில் போலீஸ் லாரி நிற்கும். ஒரு வருஷம் அது தொடர்ந்து பதினோரு நாள் நின்றது. அப்போதுதான் ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தை முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைத்தார்கள். அப்பா ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை பெயரில் கொஞ்சம், கோயில் பெயரில் கொஞ்சம் என்று எழுதிய பிறகும் ஒரு வேலி நிலம், ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, மிஞ்சியது. இருபது மா, ஆற்றுப் பாய்ச்சல், எங்கள் நிலத்திலேயே நல்ல நிலம்.

வக்கீல் வீட்டுக்கு நானும் போனேன். பி.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்ததால் காகிதங்களைத் தூக்குவது என் வேலை. வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவிடம் கேட்டார்:

“உங்க தகப்பனாருக்கு உங்களைத் தவிர வேற பிள்ளை உண்டா?”

அப்பா சுவரைப் பார்த்தார்.

“நான் கேள்விப்பட்டதாலதான் கேக்கறேன். இருந்தா, உங்க அப்பாவே உயிரோட இருக்கும்போது அந்த ஒரு வேலியை அந்தப் பிள்ளைக்குப் பாகமா வாய்மொழியாப் பிரிச்சுக் கொடுத்துட்டாருன்னு சொல்லலாம். அப்ப அது உங்க கணக்குல வராது. ஆனா தம்பின்னு ஒத்துக்கணும். பத்திரத்துல மட்டும் இல்ல, ஊரு பார்க்க. வெக்கப்பட்டா நிலம் போயிடும்.”

 வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், “நாளையிலேருந்து அவன் கூடத்துல சாப்பிடட்டும்” என்றார்.

“எந்த எலையில?”

“வாழை எலையிலதான். வேற எலை உண்டா?” என்று எரிந்து விழுந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ இனிமே சித்தப்பான்னு கூப்பிடு. நாலு பேர் காதுல விழற மாதிரி கூப்பிடு” என்றார்.

அதுதான் முதல் நாள்.

அவர் வாசல் வழியாக வந்தார். அந்த வாசற்படிகள் ஐந்தையும் அவர் ஏறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கூடத்தில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டார். மோர்ச் சோறு முடிந்ததும், பழக்கத்தில், இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அம்மா, “வைங்க, நான் எடுத்துக்கறேன்” என்றாள். அம்மா அவரிடம் சொன்ன முதல் “ங்க” அது. அவர் இலையைக் கீழே வைக்கவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை. குழம்பு ஒழுகி முழங்கை வரை வந்தது. அப்படியே நின்றார்.

மறுநாள் என்னைக் களத்துப் பக்கம் கூப்பிட்டு, “சின்னய்யா, வக்கீல் எழுதின மனுவுல என் பேருக்கு முன்னால யாரு பேரு போட்டிருக்கு?” என்று கேட்டார். படித்துக் காட்டினேன். இன்னார் மகன் இன்னார். தாத்தாவின் பெயர் பட்டத்தோடு இருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை, எந்த இடம் என்று கேட்டு, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“நிலம் எனக்கு வேணாங்க. எல்லாம் அடங்கினதும் அண்ணன்கிட்டயே எழுதிக் கொடுத்துடறேன். இந்த எழுத்து மட்டும் இருக்கட்டும். நாளைக்கு என்னை எந்த ஆபீஸ்லயாவது தகப்பன் பேரு கேட்டா நான் முழிக்காம இருக்கணும்.”

“சரி, சித்தப்பா” என்றேன். யாரும் காதில் வாங்க அங்கே இல்லை. யாரும் கேட்காத இடத்தில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டது மொத்தம் இரண்டு தடவை. இது ஒன்று. மற்றவையெல்லாம் நாலு பேர் காதுக்காக. கடைசி நாள் வரை அப்பா ஒரு தடவைகூட “தம்பி” என்று சொல்லவில்லை. பெயர் சொல்வதை நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். “இந்தாப்பா” என்பார்.

ஆட்கள் விட்டுவைக்கவில்லை. மடையடியில் ஒருவன், “வாங்க மிராசுதாரே! கூலி எப்ப ஏத்தப்போறீங்க?” என்று கேட்டான். “பாகம் பிரிச்ச கையோட எங்களுக்கும் ஆளுக்கு ஒரு மா பிரிச்சு விடுங்க” என்றாள் ஒரு கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேலி என்று தெரிந்துதான் சிரித்தார். முகம் என்னவோ கேலிக்குச் சிரித்த முகமாக இல்லை. அவருடைய அம்மா மட்டும் நம்பவில்லை. கண் மங்கிப்போய் வாசலில் படுத்திருந்த அவள், “செத்தவன் வந்து சொல்லிட்டுப் போனானா? உயிரோட இருந்தப்ப ஒரு நாளு சொல்லலியே” என்றாளாம். அவரே என்னிடம் சொன்னார்.

அதே சமயத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை, லீவு கொஞ்சம். பத்திரிகையில் பங்காளிகள் வரிசையில் கடைசியாக அவர் பெயரையும் போடச் சொன்னார் வக்கீல். அச்சான பத்திரிகையை விட நல்ல சாட்சி கிடையாது என்றார். சம்பந்தி வீட்டார் கேட்டபோது, “தூரத்துப் பங்காளி” என்றார் அப்பா. அறுநூறு பத்திரிகை. மூலைகளில் மஞ்சள் தடவியது நான்தான். அவருக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவர் நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் அவருடைய அம்மா இறந்துபோனாள்.

உறவுக்காரர்களுக்குச் சாவு சொல்ல ஆள் அனுப்புவது போல எங்கள் வீட்டுக்கும் ஆள் வந்தது, வாசலுக்கே. அப்பா வெளியே போய், “சரி, போ” என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்து பந்தல்காரரோடு பேச்சைத் தொடர்ந்தார். நாங்கள் யாரும் போகவில்லை. நான் போயிருக்கலாம், வாய்க்கால் கரைக்கு எங்கள் வீட்டிலிருந்து நானூறு அடிகூட இருக்காது. பறைச் சத்தம் கூடத்தில் கேட்டது.

சாயங்காலம் எரித்துவிட்டு அவர் வந்தார். மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு, வாசற்படி ஏறாமல் கீழேயே நின்றார்.

“கோடித் துணி எடுத்துக்கிட்டு யாராவது ஒருத்தரு வருவீங்கன்னு பார்த்தேன்” என்றார்.

அப்பா திண்ணைக்கு வந்து நின்றார்.

“வரலேன்னாலும் பரவால்ல, அண்ணே.” அவர் அப்பாவை நேருக்கு நேராக அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். “பதினாறு கழியட்டும். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க. பங்காளி வீட்டுத் தீட்டோட...”

“எங்கம்மாவா செத்தா?” என்றார் அப்பா. “சம்பந்திகிட்ட யாரு செத்தான்னு சொல்லித் தள்ளி வைக்கறது? உனக்குத் தீட்டு, நீ காத்துக்க. கல்யாணத்துக்கு நீ வரக்கூடாது. எங்களுக்குத் தீட்டு கிடையாது.”

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். “மெதுவாச் சொல்லுங்களேன்” என்றாள். சொன்னதை மாற்றச் சொல்லவில்லை. மெதுவாகச் சொல்லத்தான் சொன்னாள்.

அவர் போய்விட்டார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மூன்று பந்தி, நாலாவது பாதி.

நாற்பத்தொன்றாம் நாள் விசாரணை. வாடகைக் கார் பிடித்து, அவரை முன் ஸீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் வக்கீல் சொல்லிக்கொடுத்தார். அவர் எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்றார். தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. அதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டேதான் போனோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிலச் சீர்திருத்த ஆபீசர் எங்கள் பக்கத்து மனிதர்தான், சின்ன வயது. வக்கீல் ஒவ்வொரு காகிதமாக வைத்தார்; கடைசியாக, பெருமையோடு, கல்யாணப் பத்திரிகையை வைத்தார். “தம்பி முறைன்னு பேரு அச்சாகியிருக்கு, பாருங்க.”

ஆபீசர் பத்திரிகையைப் படித்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“தலை என்ன, வேண்டுதலா?”

“இல்லீங்க. அம்மா தவறிட்டாங்க.”

“எப்ப?”

“இன்னியோட இருபது நாளுங்க.”

ஆபீசர் மறுபடி பத்திரிகையை எடுத்தார். என்னைப் பார்த்து, “நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இவரு யாரு உங்களுக்கு?” என்றார்.

“சித்தப்பாங்க.”

“அப்ப எண்ணிச் சொல்லுங்க. சித்தப்பாவோட அம்மா செத்து எத்தனாவது நாள் உங்க வீட்டுல கல்யாணம்?”

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். ஆனால் கணக்கு கேட்டால் என் வாய் முந்திக்கொள்ளும். “ஒன்பதாம் நாளுங்க” என்றேன்.

 “பங்காளி வீட்டுச் சாவுல ஒன்பதாம் நாள் மேளம் கொட்டினீங்களா?” என்றார் ஆபீசர். “எங்க ஊர்ப் பக்கம்தான் உங்க ஊரும். எனக்குத் தெரியாத வழக்கமா இருக்கே.”

வக்கீல் எழுந்து, சில குடும்பங்களில் அப்படி ஒரு சம்பிரதாயம் உண்டு என்று தொடங்கினார். ஆபீசர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அவரிடமே கேட்டார்: “நீங்க சொல்லுங்க. இவங்க உங்களுக்குப் பங்காளிதானா?”

அப்போதும் காரியம் கெட்டுவிடவில்லை. அவர் ஆமாம் என்று சொன்னால் வக்கீல் மீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“சொல்லுப்பா, தம்பி.”

அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நான் ஏழு எண்ணினேன்.

“இல்லீங்க” என்றார் ஆபீசரிடம். “நான் இவங்க பண்ணையாளுங்க. கைநாட்டு வைக்கச் சொன்னாங்க, வெச்சேன்.”

ஆபீசர் எழுதிக்கொள்ளக் குனிந்தார். “தகப்பனார் பேரு?”

“தெரியாதுங்க.”

காரில் நாங்கள் மூன்று பேர் திரும்பினோம். அவர் எப்படி வந்தார் என்று தெரியாது. அந்த ஒரு வேலி உபரி என்று போயிற்று. பதினான்கு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அவரும் மனுப் போட்டிருந்தார். சட்டத்தை ஏமாற்றப் பெயர் கொடுத்தவனுக்கு நிலமில்லை என்று தள்ளிவிட்டார்களாம். பண்ணையில் அவருக்கு வேலை போயிற்று. கொடி பிடித்தவர்களும் பண்ணைக்காரன் ஆள் என்று சேர்த்துக்கொள்ளவில்லை. மனைவி பிள்ளைகளோடு கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். வாய்க்கால் கரை வீட்டை அந்தத் தை மாதமே அப்பா பிரித்துப்போட்டார்.

ஆறு வருஷம் கழித்து அப்பா இறந்தார். மூன்றாம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, “ஆளை அனுப்பாதே. நீயே போய்ச் சொல்லிட்டு வா” என்றாள்.

இரண்டு பஸ் மாறி, விசாரித்து, உப்பளத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். பாத்தியில் நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். காலெல்லாம் வெள்ளையாக வெடித்திருந்தது. என் மொட்டைத் தலையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். ஆனால் இழுப்பதை நிறுத்தவில்லை.

“சித்தப்பா” என்றேன்.

“இங்க ஆபீசர் யாரும் இல்லீங்களே, சின்னய்யா” என்றார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “கஷ்டப்பட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பானையிலிருந்து குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பதினாறாம் நாள் என்ன கிழமை என்று சொன்னேன். அவர் பலகையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

“அன்னைக்கு லாரி லோடு இருக்குங்க” என்றார்.

மறுபடி குனிந்து இழுக்கத் தொடங்கினார். நான் வரப்பிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, கடைசி பஸ் போய்விடும் என்பதால், கிளம்பினேன்.